அப்பாவின் கண்ணுக்கு வைத்த சூடு

சனிக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் மணக்கும். மலேசிய ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த நாளிலிருந்து அது மாறவில்லை. அம்மா இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சி, நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு இறக்குவார். அப்பா உச்சந்தலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டு, கடைசியாக விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து இரண்டு இமையிலும் தடவுவார். "கண்ணுக்குச் சூடு ஆகாது தாயி" என்பார். நாலரை மணிக்கு எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால்மரக் காட்டுக்குள் நுழைகிற மனிதர். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. கண் அவருக்கு உளியைப் போல ஒரு கருவி. அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது வேலையில் ஒரு பங்கு.

அப்படிப்பட்டவரிடம் 2018-இல் ஒரு நாள் நான் சொன்னேன்: "அப்பா, உங்க கண்ணுக்குள்ள சூடு வைக்கணுமாம்."

டாக்டர் மலாயில் 'ஹாபா' என்றார். வெப்பம். அப்பாவின் கண்ணுக்குள் இருந்த புற்றுக் கட்டியை வெப்பத்தால் கொல்கிற சிகிச்சையைத்தான் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், மலாய்ச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடுவது எனக்குத் தினசரி வேலை. ஆனாலும் அந்த நேரத்தில் வாயில் வந்தது 'சூடு வைப்பது'தான். அப்பாவுக்கு அந்தச் சொல் மாட்டுத் தொடையில் காய்ச்சிய இரும்பை அழுத்துவது. மஞ்சள் காமாலை வந்த பிள்ளைக்குக் கையில் சூடு போட்டதை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரி நடையின் கடைசியில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். "எடுத்தாலும் எடுக்கட்டும், சுட வேணாம்" என்றார்.

ஒரு சொல்லால் ஒரு கண் போயிருக்கும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழியில். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. எங்கள் வரிசை வீடுகளில் மருந்துப் பை இல்லாத வீடு எது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கவர்மெண்ட் கிளினிக்கில் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுப்பார்கள். சர்க்கரை விழித்திரை இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதற்கு. அப்பாவுக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. எதற்கு இந்தப் படம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். படத்தில் இரத்தக்குழாய்கள் நன்றாக இருந்தன. ஆனால் இடது கண்ணில், மூக்குப் பக்கமாக, ஒரு சாம்பல் கலந்த பழுப்புத் திட்டு. கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

அந்தக் கடிதம் எங்கள் வீட்டு மைலோ டின்னில் ஐந்து மாதம் கிடந்தது. நடுவில் ஒரு கண்ணாடிக் கடையில் காட்டியபோது, "வயசானா உள்ளேயும் மச்சம் வரும், ஒன்னும் பண்ணாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அதை நாங்கள் நம்பினோம், ஏனென்றால் நம்ப ஆசையாக இருந்தது. கண்ணுக்குள் மச்சம் வருவது உண்மைதான். பலருக்கு இருக்கும், பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்கச் சும்மாவே கிடக்கும். அப்பாவுடையது அந்த ரகமில்லை என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஆளிடம் நாங்கள் ஐந்து மாதம் போகவில்லை. அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கண்ணின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளே விழித்திரை, வெளியே நாம் பார்க்கிற கெட்டியான வெள்ளைப் படலம், இரண்டுக்கும் நடுவில் இரத்தக்குழாய்களும் கருநிறமியும் நிறைந்த கோராய்டு என்கிற படலம். அந்த நடு அடுக்கில் இருக்கும் நிறமிச் செல்களில் வருகிற புற்றுநோய்தான் கண்ணின் மெலனோமா. தோலில் வருகிற மெலனோமாவோடு பெயர் ஒன்று, குணம் வேறு. வெள்ளைக்காரர்களிடம் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வரும். நம்மைப் போன்ற ஆசியர்களிடம் பத்து லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. 'நமக்கெல்லாம் வராது' என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு வசதியாக இருக்கிறது. வந்தவருக்கு அது முழுசாக வருகிறது.

கோலாலம்பூரில் பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. அப்பாவை 'அங்கிள்' என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். முதல் தடவை ஒரு மணி நேரம் பார்த்தார். மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, விளக்கை மாற்றி மாற்றி அடித்து, பிறகு இமைமேல் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்து அளந்தார். திட்டின் உயரம் 1.8 மில்லிமீட்டர், அகலம் ஆறு. மேலே ஆரஞ்சுப் பொடி தூவியதுபோல் லேசான நிறம். பக்கத்தில் கொஞ்சம் நீர்க்கசிவு. மச்சம் மச்சமாகவே இருக்குமா, புற்றாக மாறுமா என்பதற்கு டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்களில் இவை இரண்டும் வரும். உயரம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவது, பார்வை நரம்புக்குப் பக்கத்தில் இருப்பது, மின்னல் மின்னுவதுபோல் தெரிவது ஆகியவையும் அந்தக் கணக்கில் சேரும். "இப்போ தொட வேண்டாம், நாலு மாசத்துல வாங்க, வளருதான்னு பார்ப்போம்" என்றார்.

நாலு மாதத்தில் 2.3 ஆகியிருந்தது. அரை மில்லிமீட்டர். விரல் நகத்தின் கனம்கூட முழுசாக இல்லை. அந்த அரை மில்லிமீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் 'ஹாபா' என்றார், நான் 'சூடு' என்றேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சித்தப்பா தாமான் குடியிருப்பிலிருந்து வந்தார், மாமா பூச்சோங்கிலிருந்து போன் போட்டார். எல்லோரும் ஒரே பேச்சு: புற்றுநோய் என்றால் வேரோடு எடுத்துவிட வேண்டும், கண்ணை எடுத்துவிட்டால் உயிர் தங்கும். அன்பினால் சொன்னதுதான். என் பங்குக்கு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்த முறை போனபோது அதை நேராகவே கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கண்ணை எடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கதிரியக்க அயோடின் பதித்த சின்னத் தகட்டைக் கண்ணின் பின்பக்கம் சில நாள் தைத்து வைத்தார்கள். 2001-இல் முடிவு வந்தது. உயிர் பிழைப்பதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. இந்த நோய் பரவினால் இரத்தத்தின் வழியே பரவும், பெரும்பாலும் முதலில் கல்லீரலுக்குப் போகும். அது போயிருந்தால் கண்ணை எடுத்தாலும் போனது போனதுதான், போகாமலிருந்தால் கண்ணை வைத்துக்கொண்டே கட்டியைக் கொல்லலாம்.

அப்படியானால் அந்தத் தகட்டையே வைக்கலாமே என்றேன். பல இடங்களில் முதலில் அதைத்தான் செய்வார்கள் என்றார் டாக்டர். ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்களின் விழித்திரை கதிர்வீச்சைத் தாங்குவது கடினம். ஏற்கெனவே பலவீனமான இரத்தக்குழாய்கள் ஓரிரண்டு வருஷத்தில் கெட்டுப் பார்வை மங்கலாம். அப்பாவின் கட்டி சின்னது, கறுப்பு நிறமி நிறைந்தது, பார்வை நரம்பை விட்டும் நடுப்பார்வையை விட்டும் தள்ளி மூக்குப் பக்கம் இருப்பது. இந்த மாதிரிக் கட்டிக்கு வெப்பம் பொருந்தும். "ஆனால் ஒன்று" என்று தொடங்கி அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். அதுதான் முக்கியமானது.

திரும்பி வருகிற இடிஎஸ் ரயிலில் அப்பா தூங்கிக்கொண்டு வந்தார், நான் படித்துக்கொண்டு வந்தேன். எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று தெரிய வேண்டியிருந்தது. 1945-இல் ஐரோப்பாவில் ஒரு சூரிய கிரகணம். வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு விழித்திரை வெந்துபோன ஒரு மருத்துவ மாணவரை ஜெர்மன் கண் டாக்டர் கெர்ட் மையர்-ஷ்விக்கராத் சோதித்தார். வெளிச்சம் விழித்திரையைச் சுடுமென்றால், வேண்டிய இடத்தில் மட்டும் சுட வைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிக் கூரைமேல் கண்ணாடிகளை வைத்து சூரிய ஒளியையே கண்ணுக்குள் இறக்கிப் பார்த்தார். வெயிலை நம்ப முடியாததால் பிறகு செனான் விளக்கு வந்தது. 1950-களில் கண் மெலனோமாவையும் அவர் இப்படிச் சுட்டார். ஆனால் பலத்த ஒளி படும்போது மேல்பரப்பு வெள்ளையாக வெந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு கல்லில் பட்டதும் உறைகிற மாதிரி. உறைந்த பரப்பு ஒளியை உள்ளே விடாது. கீழே இருக்கிற கட்டி அப்படியே இருக்கும்.

1990-களில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஓஸ்டர்ஹைஸ் குழு இதைத் தலைகீழாக யோசித்தது. பலமாகவும் சட்டென்றும் சுடுவதற்குப் பதிலாக, மெதுவாக, நெடுநேரம் வெதுவெதுப்பாக்கினால்? கண்ணுக்குத் தெரியாத 810 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமான ஒளிவட்டம், ஒரே இடத்தில் ஒரு முழு நிமிடம். கட்டியின் வெப்பம் 45-இலிருந்து 60 பாகைக்குள் நிற்கும். உறைந்து வெளுக்கிற அளவுக்குப் போகாது. நிறமி ஒளியை வாங்கி வெப்பமாக்கும், வெப்பம் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். செல்கள் அந்தச் சூட்டில் செத்துப்போகும். 1995-இல் அவர்கள் இதை எழுதினார்கள், அதன் பிறகு பல நாடுகளுக்குப் போனது.

படித்து முடித்தபோது ரயில் தஞ்சோங் மாலிமைத் தாண்டியிருந்தது. எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. சூடு இல்லை, இளஞ்சூடு. அம்மா எண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கும் முன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாரே, அந்த மாதிரி அளந்த சூடு. அதைவிட அதிகம்தான், ஆனால் இரும்பு இல்லை, நெருப்பு இல்லை.

அன்றிரவு அப்பாவிடம் இதை எல்லாம் சொன்னேன். 45, 60 என்ற எண்கள் அவரைத் தொடவில்லை. 'நாலு மில்லிமீட்டர்' என்றபோது நிமிர்ந்தார்.

"எவ்ளோ ஆழம் போவுது?"

விரலால் காட்டினேன்.

"அதுக்கு மேல போவாதா?"

"போகாதுப்பா."

அவர் எழுந்து போய், பழைய உளியை எடுத்து வந்தார். மரத்தை விட்டு இருபது வருஷமாகியும் துருப்பிடிக்காமல் துணியில் சுற்றி வைத்திருப்பார். பால்மரம் வெட்டாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பால் மரக்கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. அதுவும் பட்டையின் உள்பக்கம், கட்டையை ஒட்டிய பகுதியில்தான் அதிகம். மேலாக வெட்டினால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குப் பால் விழாது. ஆழமாக வெட்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வீங்கி, திரும்ப ஒருநாளும் ஒழுங்காக வெட்ட முடியாது. கட்டைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு உளியை இழுக்க வேண்டும். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு காலைக்குள் சில நூறு மரம். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பின்னால் வந்து காயம் பார்ப்பார்.

அப்பா உளியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மாவுக்கு அளவு தெரியும்னா சரி. அளவு தெரிஞ்ச கை காயப்படுத்தாது."

அவ்வளவுதான். சம்மதித்துவிட்டார். ஒரு வாரமாக நான் தமிழில் தேடிய விளக்கத்தை அவர் தன் கையிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

முதல் சிகிச்சை அந்த மாதக் கடைசியில் நடந்தது. அப்பாவுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கண்ணாடிக் கடையில் தாடையை வைத்து உட்காருவோமே, அதுபோல ஒரு கருவிக்கு முன்னால் நாற்காலி. கண்மணி விரிய மருந்து விட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. கண்மணி முழுசாக விரிய வேண்டும், இல்லையென்றால் ஒளி போகிற வழியில் கருவிழி ஓரம் வெந்துவிடும். பிறகு கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி, மரத்துப்போவதற்கு. அதுதான் வலித்தது என்று அப்பா பிறகு சொன்னார். கண்மேல் பசை தடவிய ஒரு தடித்த லென்ஸை டாக்டர் கையால் பிடித்துக்கொண்டார்.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. எங்கே படுகிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் கூடவே போகும். டாக்டர் ஓரிடத்தில் புள்ளியை நிறுத்தி, காலால் மிதியை அழுத்தினார். ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் கட்டி மெல்ல, கடைசி நொடிகளில், லேசாகச் சாம்பல் நிறத்துக்கு மாற வேண்டும். சீக்கிரமே வெளுத்துவிட்டால் சூடு அதிகம், பலத்தைக் குறைப்பார். நிமிடம் முடிந்தும் மாறவில்லையென்றால் கொஞ்சம் கூட்டுவார். பிறகு புள்ளியை நகர்த்தி, முந்தின வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே அடுத்த வட்டம். கட்டி முழுக்க, அதற்குச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நல்ல இடத்தையும் சேர்த்து. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொரு வட்டம். பதினொரு நிமிடமும் அப்பா அசையவில்லை. நர்ஸ் அவர் பின்னந்தலையைப் பிடித்திருந்தார், தேவையே இருக்கவில்லை. தலையைத் திருப்பாமல் கையை மட்டும் நகர்த்தி முப்பது வருஷம் வேலை செய்த உடம்பு அது.

கண்ணை மூடித் துணி வைத்து ஒட்டினார்கள். அன்றைக்கே ரயில் ஏறினோம். ஈப்போ தாண்டியதும் அப்பா கேட்டார், "சூடு வச்சாங்களா இல்லையா? ஒன்னும் தெரியலயே."

மூன்று மாத இடைவெளியில் மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் திட்டு கொஞ்சம் தட்டையாகிக்கொண்டே வந்தது. வருஷம் முடிகிறபோது ஸ்கேனில் உயரம் கிட்டத்தட்டப் பூச்சியம். படத்தில் பார்த்தால் பழுப்புத் திட்டு இருந்த இடத்தில் வெள்ளை. நடு அடுக்கு அழிந்து, பின்னாலிருக்கும் வெள்ளைப் படலமே தெரிகிறது. ஓரங்களில் கருமை சிதறிக் கிடக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. லேசர் விழித்திரையைத் தாண்டித்தான் கட்டிக்குப் போகிறது என்றாலும், கட்டியின் சூடு மேலே ஏறி விழித்திரையையும் கொல்கிறது. அந்த இடத்தில் பார்வை இல்லை. கட்டி மூக்குப் பக்கம் என்பதால் அப்பாவுக்கு இடது ஓரத்தில் ஒரு துண்டு காணாது. முதல் சில மாதம் இடப் பக்கமிருந்து வரும் மோட்டார் சைக்கிளைக் கவனிக்காமல் திடுக்கிட்டிருக்கிறார். ஹோண்டாவை விற்கச் சொன்னோம். ரொம்ப நாள் பேசவில்லை எங்களோடு, பிறகு அவரே விற்றார். சிலருக்கு இரத்தக்குழாய் அடைப்பு, விழித்திரையில் இரத்தக்கசிவு, நடுப்பார்வை இழுபட்டுச் சுருங்குவது என்று இதைவிடப் பெரிய விலையும் இருக்கிறது. அப்பாவுக்கு அவை வரவில்லை.

இனி, அந்த 'ஆனால் ஒன்று'.

வெப்பம் நாலு மில்லிமீட்டர் இறங்குகிறது, சரி. ஆனால் கட்டியின் சில செல்கள் நடு அடுக்கோடு நிற்காமல் வெளியே இருக்கும் வெள்ளைப் படலத்தின் நார்களுக்குள்ளும் புகுந்திருக்கலாம். அங்கே நிறமி இல்லை, ஒளியை வாங்கிச் சூடாக்க ஆளில்லை. உள்ளிருந்து போகும் சூடு அங்கே சேரும்போது ஆறிவிடுகிறது. அந்தச் செல்கள் தப்பலாம். மேலே வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும், கீழே உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 256 கட்டிகளுக்கு இந்தச் சிகிச்சை செய்து 2002-இல் கணக்கு வெளியிட்டார்கள். பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்ப வந்திருந்தது. வருஷங்கள் போகப் போக அந்த எண் கூடும் என்பதும் தெரிந்தது. அதனால்தான் வெப்பத்தை மட்டும் நம்பிச் செய்வது இப்போது மிகவும் குறைந்துவிட்டது. பொறுக்கி எடுத்த சின்னக் கட்டிகளுக்கு மட்டும். இல்லையென்றால் வெளியிலிருந்து கதிரியக்கத் தகடு, உள்ளிருந்து வெப்பம் என்று இரண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

டாக்டர் இதை எங்களிடம் ஒளிக்கவில்லை. சிகிச்சைக்கு முன்னாலேயே சொன்னார். ஆனால் எத்தனை வீட்டில் இதை அப்படியே பெரியவர்களிடம் சொல்கிறோம்? 'எல்லாம் சரியாயிடும்ப்பா' என்பது நம் வாயில் தயாராக இருக்கிற சொல். அன்பாகச் சொல்வது. அதைக் கேட்ட பெரியவர் சரியானதும் போவதை நிறுத்திவிடுகிறார். கண் நன்றாகத் தெரிகிறது, வலி இல்லை, எதற்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய் ஒரு நாளைக் கெடுப்பது? நியாயமான கேள்வி. 'சூடு' என்ற சொல் அப்பாவைத் துரத்தியது. 'சரியாயிடும்' என்ற சொல் அவரைத் தூங்க வைத்திருக்கும். இந்த இரண்டாவது தவறை நான் செய்யவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. வெள்ளைப் படலத்தைப் பற்றி, தப்பிய செல்களைப் பற்றி, காகிதத்தில் படம் போட்டு முழுக்கச் சொன்னேன். அப்பா நீண்ட நேரம் படத்தைப் பார்த்தார்.

"லாலான் மாதிரி" என்றார்.

தோட்டத்தில் லாலான் புல்லை வெட்டியவர்களுக்கு அது புரியும். மேலே சுத்தமாகச் செதுக்கிவிடலாம், மண்ணுக்குள் கிழங்கு ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நாளில் ஊசி ஊசியாக முளைக்கும். அதற்காக யாரும் வெட்டாமல் விடுவதில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பார்க்கப் போனார். மூன்று மாதத்துக்கொரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை. கூடவே கல்லீரல் ஸ்கேனும் இரத்தச் சோதனையும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் அப்பாவுக்கு நாள் குறித்திருந்தது, தள்ளிப்போயிற்று. நான் உள்ளூர விட்டுவிட்டேன். கொரோனா பரவுகிற நேரத்தில் இனிப்பு நீர் உள்ள, எழுபதை நெருங்குகிற ஆளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப் போவதா? அப்பா விடவில்லை. சந்திப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு அவரே நடந்து போய், மாநிலம் தாண்ட அனுமதிக் கடிதம் வாங்கி வந்தார். ஜூன் தொடக்கத்தில் என் காரில் போனோம். நெடுஞ்சாலை அப்படிக் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. தடுப்பில் நின்ற போலீஸ்காரர் கடிதத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "மாத்தா?" என்று கேட்டார். கண்ணா? அப்பா தலையாட்டினார்.

அன்றைக்கு டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். தழும்பின் மேல் ஓரத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, பழுப்பாக ஒரு கோடு. போன படத்தில் இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா டாக்டரிடம் மலாயில், தன் உடைந்த மலாயில், கேட்டார்: லாலான் முளைத்துவிட்டதா? டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது. "ஆமாம் அங்கிள். ஆனா ரொம்பச் சின்னது. இப்பவே பார்த்துட்டோம்."

தட்டையாக, ஓரத்தில் மட்டும் இருந்ததால் அந்த இடத்துக்கு இன்னொரு முறை இளஞ்சூடு கொடுத்தார்கள். இன்னும் ஒரு தடவை வந்தால் வெப்பம் போதாது, கதிரியக்கத் தகடுதான், விழித்திரைக்கு என்ன ஆனாலும் சரி என்று அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். அதையும் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு இன்றுவரை வரவில்லை. கல்லீரல் சுத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்னும் நடக்கிறது. இமையில் ஒரு சொட்டு தடவுவதும் நடக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், தடவட்டும், கண்ணுக்குள் விட வேண்டாம் என்றார். சந்திப்பு அட்டைகள் எல்லாம் அந்த மைலோ டின்னில், தேதி வரிசையில், ரப்பர் வளையம் போட்டு இருக்கின்றன. அடுத்த தேதி எது என்று என்னைக் கேட்பதில்லை, அவர்தான் எனக்குச் சொல்கிறார். எங்கள் வரிசையில் யாருக்காவது கிளினிக்கில் கண் படம் எடுக்கச் சொன்னால், அவரே போய், "போப்பா, படம் எடு, கடுதாசி குடுத்தா டின்னுல போடாத" என்கிறார்.

போன மாதம் போனபோது சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். இருட்டு இன்னும் முழுசாக விலகவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் மேடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பார்.

"சுங்கை தெரியுது. சிப்புட் தெரியுது" என்றார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "இடப் பக்கம் காணல. நீ அங்கதான நிக்கிற?"

"இங்கதான்ப்பா நிக்கிறேன்."